சிவப்பு போர்டில் இரண்டு பிளக்

நாலு கோடு. இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் ஒன்றுமில்லை. சென்னியப்பன் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே மறுபடியும் எண்ணினார். எண்ணுவதற்கு அதில் என்ன இருக்கிறது, பச்சையாக எரிகிற நாலு கோட்டைப் பள்ளிக்கூடம் போகாத குழந்தைகூட எண்ணிவிடும், ஆனாலும் பல்லிடுக்கில் சிக்கிய பாக்குத் துணுக்கை நாக்கு தேடிப் போகிற மாதிரி கண் அங்கேயே போய் நின்றது. மணி பத்து இருபது. பதினோரு மணிக்குச் சுவரில் கைக்கெட்டுகிற தூரத்தில் இருக்கிற இன்டர்காம் அடிக்கும். அடித்ததும் எழுந்து போய் முதல் யுபிஎஸ்ஸின் லீவரைக் கீழே இறக்க வேண்டும். இன்றைக்கு அவருக்கு இட்ட வேலை அவ்வளவுதான். எலெக்ட்ரீஷியனாகச் சேர்ந்து, சூப்பர்வைசராக ஆகி, அறுபத்தொரு வயதில் மறுபடியும் ஹெல்பராக இருக்கிறவனுக்கு இதைவிடப் பெரிய வேலையை யார் கொடுப்பார்கள். மாடிப்படிக்குக் கீழே ஒதுங்கிய அறை. முன்னே சாம்பிள் துணி அடுக்கியிருந்த இடம், இப்போது திருப்பூரின் இந்தப் பனியன் கம்பெனிக்கு வெளிநாட்டிலிருந்து வருகிற மெயிலெல்லாம் வந்து இறங்குகிற இடம். இரும்புக் கூண்டுக்குள் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு மெயில் மிஷின்கள். சுவரோரம் இடுப்புயரத்துக்கு இரண்டு யுபிஎஸ். கூண்டுக்குப் பின்னால் சுவரில் சிவப்பு பெயின்ட் அடித்த ஒரு பிளக் போர்டு, நீல பெயின்ட் அடித்த இன்னொரு பிளக் போர்டு. சிவப்பு முதல் யுபிஎஸ்ஸுக்கு, நீலம் இரண்டாவதுக்கு. பெயின்ட் அடித்தது அவர்தான். மேல் மிஷின் சிவப்பில் இருக்க வேண்டும், கீழ் மிஷின் நீலத்தில் இருக்க வேண்டும், அப்போதுதான் ஒரு யுபிஎஸ் போனாலும் ஒரு மிஷினாவது பிழைத்துக் கிடக்கும். எந்த யுபிஎஸ் எவ்வளவு பாரம் இழுக்கிறது என்பதை முகப்பில் எரிகிற கோடு காட்டும், ஆளுக்கு இரண்டு கோடு எரிய வேண்டும். ஒன்றில் நாலும் மற்றதில் சுழியுமாக இருந்தால் கீழ் மிஷினும் சிவப்பு போர்டில்தான் தொங்குகிறது என்று அர்த்தம். லீவரை இறக்கினால் இரண்டும் ஒன்றாகச் சாகும் என்று அர்த்தம். இது அவருக்குத் தெரியும். ஒன்பது நாளாகத் தெரியும். இந்தக் கட்டிடத்தில் வேறு யாருக்கும் தெரியாது.

ஃபெயில்ஓவர் என்று அதற்குப் பெயர். ஐ.டி. மேனேஜர் நவநீதன் சொல்லித்தான் அந்த வார்த்தை அவருக்கு வந்தது. ஒண்ணு விழுந்தா இன்னொண்ணு எடுத்துக்கும்ணா, வெளியில இருக்கறவனுக்கு விழுந்ததே தெரியாது என்று, இந்த இரண்டு மிஷின்களும் வந்து இறங்கிய அன்று அவர் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி விளக்கினார். கூண்டின் உச்சியில் டிபன் டப்பா உயரத்துக்கு ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது, அது லோடு பேலன்சர். வருகிற மெயிலை இதற்கொன்று அதற்கொன்று என்று பங்கு வைக்கும். ஒன்று செத்தால் மொத்தத்தையும் மற்றதன் தலையில் கட்டும். அந்தப் பெட்டிக்கு மட்டும் இரண்டு வால், சிவப்பில் ஒன்று நீலத்தில் ஒன்று. அது குடிக்கிற கரண்டுக்கு ஒரு கோடுகூட எரியாது. எந்தப் பக்கம் போனாலும் அது சாகாது. பங்கு வைக்கிறவனுக்கு எங்கேயும் அப்படித்தான் ஏற்பாடு செய்து வைத்திருக்கிறார்கள், சுமக்கிறவனுக்குத்தான் ஒரே வயர். இன்னொன்று எடுத்துக்கொள்ளும் என்பது சொல்வதற்கு எவ்வளவு லேசாக இருக்கிறது. இருபது வயதில் ஜின்னிங் மில்லில் ஆறுச்சாமியோடு சேர்ந்து பஞ்சுப் பொதி ஏற்றியபோது லாரிப் பலகையில் பாதி ஏறியிருந்தார்கள், ஆறுச்சாமியின் செருப்பு வார் அறுந்தது, ஆறுச்சாமி குதித்துவிட்டான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது, குதிக்காவிட்டால் கால் போயிருக்கும். பொதி முழுக்க இந்தத் தோளில் வந்து உட்கார்ந்தது. எத்தனை நேரம் இருக்கும், நாலு மூச்சு, ஐந்து மூச்சு. ஆட்கள் ஓடி வருவதற்குள் தோளுக்குள் ஏதோ ஒன்று முறுக்கிய ஈரத்துணி மாதிரிப் பிழிபட்டது. மேஸ்திரி வந்து பார்த்துவிட்டு, நல்லவேளை பொதி சேத்துல உழுகல என்றார். அவ்வளவுதான் சொன்னார். இன்றைக்கும் ஏ.சி. குளிரில் உட்கார்ந்தால் அந்த இடது தோள் தனியாக வலிக்கிறது, வேறு யாருடைய தோளோ போல. துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டார். மணி பத்து இருபத்தேழு.

ஆயுத பூஜை அன்றைக்குத்தான் நடந்தது. மற்ற மிஷின்களுக்கெல்லாம் இரண்டு நாள் ஓய்வு உண்டு, தையல் மிஷின், கட்டிங் மிஷின், பாய்லர் என்று எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைத்துப் படுக்கப் போட்டுவிடுவார்கள். மெயில் மிஷினுக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. துணி வாங்குகிற டென்மார்க்காரனுக்குச் சரஸ்வதி பூஜை தெரியுமா. அதனால் ஒவ்வொன்றாக நிறுத்திப் பொட்டு வைப்பது என்று நவநீதன் ஏற்பாடு. வேட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார். கூண்டின் இரண்டு பக்கமும் வாழைக்கன்று, மேலே லோடு பேலன்சருக்கு ஒரு முழம் சம்பங்கி. சூடம் காட்டினால் புகைக்கு அலாரம் அடிக்கும் என்று கூரையிலிருந்த சென்சாருக்குப் பாலித்தீன் பை கட்டிவிட்டார்கள். முதலில் கீழ் மிஷினை நிறுத்தினார்கள். துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். நிறுத்தின நேரத்தில்தான் சீரியல் பல்புக்கும் பாட்டுப் பெட்டிக்கும் பிளக் தேடினார்கள். நீல போர்டில் இருந்தது ஒரே ஒரு பெரிய சாக்கெட். கீழ் மிஷினின் பிளக்கை நவநீதனே குனிந்து பிடுங்கினார், அந்த இடத்தில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸைச் சொருகினார், பல்பு பளிச்சென்று எரிந்தது, எல்லோரும் கை தட்டினார்கள். பூஜை முடிந்து மிஷினைத் திரும்பப் போடும்போது சிவப்பு போர்டில் ஒரு சாக்கெட் காலியாக இருந்தது. அதில் சொருகினார். இப்போதைக்கு இருக்கட்டும் என்று அவரே வாய்விட்டுச் சொன்னார், சென்னியப்பன் காதால் கேட்டார். அப்புறம் பொரி, சுண்டல், போட்டோ. நாலாம் நாள் பெருக்க வந்தவர்கள் வாழைக்கன்றையும் சீரியல் பல்பையும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பிளக் அங்கேயே இருந்தது. நீல போர்டின் சாக்கெட் மூன்று ஓட்டையும் திறந்து ஆவென்று பார்த்துக்கொண்டு இருந்தது. சென்சாரிலிருந்த பாலித்தீன் பையையும் யாரும் எடுக்கவில்லை, சென்னியப்பன்தான் ஏணி போட்டு ஏறி எடுத்தார். அதை எடுக்கத் தெரிந்தவருக்கு இதைச் சொல்லத் தெரியவில்லையா என்று யாராவது கேட்டால். யாரும் கேட்க மாட்டார்கள். பை இருந்ததே யாருக்கும் தெரியாது.

சொல்வது என்றால் வாயால் சொல்வது. வாயால் சொல்லி என்ன கண்டார். நாலு வருஷத்துக்கு முன்னால் இந்த அறையில் ஒரே மிஷின், ஒரே யுபிஎஸ். பேட்டரி உப்பிப்போய் வயிறு தள்ளி நின்றது. ஆறு மாதம் சொன்னார். சார் பேட்டரி தாங்காதுங்க, மாத்தோணுமுங்க. அடுத்த மாசம் பாக்கலாம்ணா. மறு மாதமும் சொன்னார், அடுத்த மாசம் பாக்கலாம்ணா. வண்டியில் ஏறுகிறபோது சொன்னார், சாப்பிடுகிறபோது சொன்னார். ஒருநாள் காலையில் கரண்டு போனது, அரை மணி நேரம் தாங்க வேண்டிய யுபிஎஸ் நாலு நிமிஷத்தில் கண்ணை மூடியது, மிஷினுக்குள் ஏதோ எரிந்து, ஒன்றரை நாள் மெயில் கிடையாது. அந்த ஒன்றரை நாளில்தான் டென்மார்க்கிலிருந்து அளவு மாற்றி ஒரு மெயில் வந்து, வாங்க ஆளில்லாமல் திரும்பிப் போயிருக்கிறது. நாற்பதாயிரம் குழந்தை பாடிசூட் பழைய அளவில் வெட்டிவிட்டார்கள். கழுத்து நுழையாத நாற்பதாயிரம். முதலாளி இந்தப் படிக்கட்டில்தான் நின்று கேட்டார், யாரு பொறுப்புன்னு. நவநீதன் தரையைப் பார்த்துக்கொண்டு, பேட்டரி மெயின்டனன்ஸ் சென்னியப்பன் பாக்கறதுங்க என்றார். பொய் இல்லை. பாக்கறது அவர்தான். பார்த்ததைச் சொன்னதும் அவர்தான். அந்த இரண்டாவது பாதியை யாரும் கேட்கவில்லை, சொல்ல அவருக்கும் நாக்கு எழவில்லை, முதலாளிக்கு முன்னால் மேலதிகாரியைக் காட்டிக் கொடுப்பதா என்று ஒரு கேடுகெட்ட மரியாதை குறுக்கே வந்து நின்றது. மறுநாள் ஒரு காகிதம். இங்கிலீஷில் இரண்டு பத்தி. சும்மா ஃபார்மாலிட்டிண்ணா, ஃபைலுக்கு, இங்க ஒரு கையெழுத்து. போட்டார். அஞ்சாம் வகுப்பு படித்தவன் போடுகிற மாதிரி, எழுத்து எழுத்தாக, கோட்டை விட்டு வெளியே போகாமல், அழகாகப் போட்டார். எட்டு மாதம் கழித்து மாத்திரை வாங்கப் போன இடத்தில் மெடிக்கல் கடைப் பெண்ணிடம், அன்றைக்கு அவருக்கென்று கொடுத்த அந்தக் காகிதத்தின் ஜெராக்ஸைக் கொடுத்து என்னம்மா போட்டிருக்குது என்று கேட்டார். அந்தப் பெண் படித்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தது. பேட்டரி கெட்டது எனக்குத் தெரிந்தும் நான் யாரிடமும் சொல்லவில்லை, என் கவனக்குறைவுதான் காரணம்னு போட்டிருக்குதுங்கய்யா. மாத்திரையை வாங்காமலே வந்துவிட்டார்.

அந்த விபத்துக்குப் பிறகுதான் இந்த இரண்டு மிஷின், இரண்டு யுபிஎஸ், லோடு பேலன்சர் எல்லாம். அதைக் கொண்டுவந்ததற்காகத்தான் நவநீதன் மேனேஜர். மிஷின் எரிந்த புகையில் ஒருவர் மேலே போனார், ஒருவர் கீழே வந்தார். மேலே போனவர் கெட்டவர்கூட இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல். பண்டிகைக்கு இனிப்புப் பெட்டியைக் கையில் கொடுத்து அண்ணா என்கிறார். கெட்டவனாக இருந்தால் திட்டிவிட்டுத் தூங்கலாம். இந்த அறையின் சாவி முன்பெல்லாம் அவர் இடுப்பில், அரைஞாண் கயிற்றில் தொங்கும், குளிக்கும்போதுகூடக் கழற்ற மாட்டார். இப்போது கேட்டில் செக்யூரிட்டியிடம் இருக்கிறது. வாங்கும்போது ஒரு கையெழுத்து, கொடுக்கும்போது ஒரு கையெழுத்து. தினமும் காலையில் யுபிஎஸ் கோட்டைப் பார்த்து நோட்டில் எழுதுகிற வேலையும் வேண்டாம், சிஸ்டமே பாத்துக்கும்ணா என்று நிறுத்திவிட்டார்கள். அவர் நிறுத்தவில்லை. சட்டைப் பையில் இருக்கிற சின்ன டைரியில் தேதி போட்டு எழுதுகிறார். இரண்டு, இரண்டு. இரண்டு, இரண்டு. நாலு வருஷமாக. பூஜைக்கு மறுநாளிலிருந்து நாலு, சுழி. சிஸ்டம் பார்த்துக்கொள்ளும் என்றார்களே, சிஸ்டம் பார்த்ததா. யுபிஎஸ்ஸிலிருந்து சிஸ்டத்துக்குக் கோட்டுக் கணக்கைச் சொல்ல மேலே போகிற சின்ன வயரை வெள்ளையடித்தபோது யாரோ கழற்றி, மாட்டவே இல்லை. அதையும் அவர் வாயால் சொன்னதுதான். டைரிக்குள் மடித்து மடித்து, மடிப்பெல்லாம் பஞ்சாகிப்போன அந்த ஜெராக்ஸ். அதைப் பார்த்தாலே மாராத்தாளுக்கு எரியும். அந்தக் காயிதத்த நெஞ்சுக்குள்ளயே வெச்சு அடகாத்துட்டு இருக்கறீங்க, குஞ்சா பொரிக்கப் போவுது என்பாள் பெண்டாட்டி, சோற்றைப் போட்டுக்கொண்டே. பொரிக்கட்டும் என்று அவரும் சொல்லியிருக்கிறார். இன்றைக்குப் பதினோரு மணிக்குப் பொரிக்கும். ஒன்பது நாளாகச் சூடு கொடுத்து வைத்திருக்கிறது.

காலையில் சொல்லப் பார்த்தாரா இல்லையா. அங்கேதான் மனசு வந்து வந்து தடுக்கி விழுகிறது. ஒன்பதரைக்கு நவநீதன் லேப்டாப்பைக் கையில் விரித்தபடியே வந்தார். பெங்களூரிலிருந்து ஆடிட் பண்ண ஒரு அம்மாள் வந்திருக்கிறார், டென்மார்க் கம்பெனியின் ஆள். பொத்தானை அமுக்கி ஒப்புக்குக் காட்டுகிற சமாச்சாரமெல்லாம் வேண்டாம், நிஜமாகவே கரண்டை நிறுத்து, மெயில் நிற்கிறதா என்று என் கண்ணால் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டாராம். போன் அடிச்சா மொத யுபிஎஸ் லீவர இறக்கிருங்கண்ணா, வேற எதையும் தொட வேண்டாம் என்றார். சென்னியப்பன் எழுந்து நின்று, சாருங், அந்த நீல போர்டுல, என்று ஆரம்பித்தார். அதெல்லாம் நா பாத்துட்டண்ணா என்று நவநீதன் படியேறிப் போய்விட்டார். சொன்னதுதானே அது. வாயைத் திறந்தார், போர்டு பெயரைச் சொன்னார், கேட்கிறவன் கேட்கவில்லை. இல்லை. அப்படி இல்லை. அவர் படியில் கால் வைக்கிற வரைக்கும் காத்திருந்துவிட்டு அல்லவா வாயைத் திறந்தார். நிற்க மாட்டார் என்று தெரிந்த நேரமாகப் பார்த்து, நாலு வார்த்தையில் முடிய வேண்டியதை நீட்டி, குரலை உள்ளே இழுத்து. பாரம் எல்லாம் ஒரே பக்கம் இருக்குதுங்க என்று முதல் வார்த்தையாக ஏன் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நின்றிருப்பார். நிற்கக் கூடாது என்றுதானே நீலத்தில் ஆரம்பித்தீர் என்று உள்ளே யாரோ கேட்டார்கள், மாராத்தாள் குரலாக இருந்தது. ஆறு மாதம் சொன்னது கணக்கில் வரவில்லை என்றால் இந்த நாலு வார்த்தை மட்டும் எதற்குக் கணக்கில் வர வேண்டும்.

பத்தே முக்காலுக்குக் கேன்டீன் ருக்குமணி டீ கொண்டுவந்தாள். கதவை முழங்கையால் தள்ளிக்கொண்டு, ஏனுங்ண்ணா, பொண்ணுப் பாக்க வந்தவங்களாட்டம் சிலையா உக்காந்திருக்கறீங்க என்றாள். மேலே முதலாளியே கோட்டு போட்டுக்கொண்டு நிற்கிறாராம், அந்த அம்மாள் சக்கரை இல்லாத காபி கேட்டதாம், இந்தச் சோதனை சரியாக வராவிட்டால் ஆர்டர் ஈரோட்டுக்குப் போய்விடும், இரண்டாம் மாடி லைன் மொத்தமும் வீட்டுக்குத்தான் என்று பேசிக்கொள்கிறார்களாம். ருக்குமணியின் மருமகள் இரண்டாம் மாடியில் காஜா மிஷினில் இருக்கிறாள். எல்லாம் உங்க கையிலதான் இருக்குதாமா என்று சிரித்துக்கொண்டே போனாள். போன பிறகு டீயில் ஆடை படிந்தது. என் கையில் என்ன இருக்கிறது. நான் பிளக்கை மாற்றிச் சொருகினேனா. சொன்னதைச் செய்கிறவன். லீவர் என்றால் லீவர். நவநீதன் முகம் எப்படி இருக்கும் என்று ஒன்பது நாளாகப் பார்த்தாகிவிட்டது, படிக்கட்டில் முதலாளி, கீழே நவநீதன், தரையைப் பார்க்கிற கண், கழுத்தில் துடிக்கிற நரம்பு. ஆனால் இன்றைக்கு அந்தப் படம் ஓடும்போது ஒரு இடத்தில் சிக்கியது. யாரு பொறுப்புன்னு முதலாளி கேட்கிறார். நவநீதன் தரையைப் பார்க்கிறார். அப்புறம் வாயைத் திறக்கிறார். கரண்டு சைடு சென்னியப்பன் பாக்கறதுங்க. வேறு என்ன சொல்வார். பிளக் போர்டு என்றால் சென்னியப்பன், பெயின்ட் அடித்தது சென்னியப்பன், லீவரை இறக்கிய கையும் சென்னியப்பன் கை. பிடுங்கிச் சொருகினது அவர்தான் என்று சொன்னால் சாட்சி யார், பொரி தின்ற வாய்களா. மறுநாள் ஒரு காகிதம் வரும். இங்கிலீஷில். இந்தத் தடவை மூன்று பத்தி. ஒன்பது நாளாக ஒருவனுக்கு வெட்டிய குழி தன் அளவுக்கு இருக்கிறதே என்று இப்போதுதான் தெரிந்தது. சொல்லிவிட்டால் என்ன. சொன்னால் நவநீதன் பிழைப்பார், அண்ணா தேங்க்ஸ்ணா என்று தோளைத் தட்டுவார், அந்த வலிக்கிற தோளை. அதற்கு லீவரே மேல். லீவருக்குக் காகிதமே மேல். காகிதம். யோசனை அங்கே போய் நின்றது, நின்ற இடத்தில் கொஞ்சம் வெளிச்சமாக இருந்தது, அதற்குள் இன்டர்காம் அடித்துவிட்டது.

"இறக்கிருங்கண்ணா" என்றது நவநீதன் குரல், பின்னால் முதலாளி யாரிடமோ இங்கிலீஷில் சிரித்துப் பேசுகிற சத்தம்.

"எழுதிக் குடுங்க சாருங்."

"என்னது?"

"நீங்க சொல்லித்தான் இறக்கறன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. தமிழ்ல."

போன் வைக்கப்படவில்லை, அப்படியே தொங்கவிட்டுவிட்டு இறங்கி ஓடி வருகிற செருப்புச் சத்தம் படிக்கட்டிலும் காதிலுமாக இரண்டு இடத்தில் கேட்டது. கதவைத் திறந்தவருக்கு மூச்சு இரைத்தது. விளையாடறீங்களாண்ணா, மேல எல்லாரும் நிக்கறாங்க என்றார். சென்னியப்பன் எழுந்திருக்கவில்லை. நாலு வருஷத்தில் இவருக்கு முன்னால் எழுந்திருக்காமல் இருப்பது இதுதான் முதல் தடவை, முழங்கால் தானாக எழப் பார்த்தது, கையால் அமுக்கிக்கொண்டார். டைரிக்குள்ளிருந்து ஒரு வெள்ளைத் தாளைக் கிழித்து நீட்டினார். இங்கிலீஷில் எழுதித் தருகிறேன், ஒரு நிமிஷத்தில், என்றார் நவநீதன். எனக்குப் படிக்க வராதுங்களே என்றார் சென்னியப்பன். பேனாவை வாங்கி, யுபிஎஸ்ஸின் தலைமேல் தாளை வைத்து, நவநீதன் குனிந்தார். இன்று என்று எழுதினார். பதினொரு என்று எழுதினார். அப்புறம் பேனா நின்றது. சென்னியப்பனுக்கு முதலில் புரியவில்லை. யோசிக்கிறார் என்று நினைத்தார். பிறகு அந்த எழுத்துகளைப் பார்த்தார், ஒவ்வொன்றும் ஒரு பக்கம் சாய்ந்து, நடை பழகாத குழந்தை சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி. ஊட்டியில் கான்வென்ட்டில் படித்தவர் என்பது ஞாபகம் வந்தது. தமிழ் பேசுவார். எழுதி இருபது வருஷம் ஆகியிருக்கும். மணிக்கு நான் சொல்லித்தான் என்று எழுதுவதற்குள் நெற்றியில் வேர்த்துவிட்டது, இந்தக் குளிரிலும். சென்னியப்பன் என்று எழுதினார், அதில் ஒரு புள்ளியை மறந்து மறுபடி வைத்தார். அடுத்த வார்த்தைக்காக, பரீட்சையில் விடை தெரியாதவன் கூரையைப் பார்க்கிற மாதிரி, தலையைத் தூக்கினார். தூக்கிய கண்ணுக்கு நேரே கோடுகள். இந்தப் பக்கம் நாலு. அந்தப் பக்கம் ஒன்றுமில்லை.

வெகுநேரம் பார்த்தார். திரும்பிக் கூண்டுக்குப் பின்னால் போய்ப் பார்த்தார். நீல போர்டின் மூன்று ஓட்டையையும் பார்த்துவிட்டு வந்தார். இங்கிலீஷில் மட்டும் எழுதச் சொல்லியிருந்தால் இந்நேரம் எழுதி முடித்து, கையெழுத்துப் போட்டு, லீவர் இறங்கி, எல்லாம் முடிந்திருக்கும் என்று சென்னியப்பனுக்குத் தோன்றியது. கேட்ட வரம் கையைக் கடித்துவிட்டது.

"எப்பலிருந்துண்ணா தெரியும்?" நவநீதன் குரல் தாழ்ந்திருந்தது.

"பூசை கழிஞ்ச மறுநாள்ல இருந்துங்."

"சொல்லிருக்கலாமுல்ல."

"நாலு வருசத்துக்கு முன்னாலயும் சொன்னனுங்."

பேச இருந்ததெல்லாம் அந்த ஒரு வரியிலேயே தீர்ந்துபோன மாதிரி இருந்தது, இத்தனை வருஷம் எத்தனை விதமாக, எத்தனை நீளமாகச் சொல்லிப் பார்த்தது, ராத்திரிகளில் மாராத்தாள் பக்கத்தில் படுத்துக்கொண்டு வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பழகியது, வெளியே வரும்போது இவ்வளவுதான் இருந்தது. நவநீதன் இன்டர்காமை எடுத்து, மேலே இருப்பவர்களிடம், ஒரு சின்ன வெரிஃபிகேஷன், இருபது நிமிஷம் என்று சிரித்துச் சொன்னார், சிரிப்பு எங்கிருந்து வந்ததோ. லேப்டாப்பில் தட்டிக் கீழ் மிஷினை நிறுத்தினார். முட்டி போட்டுக் கூண்டுக்குப் பின்னால் நுழைந்தார், வெள்ளைச் சட்டையில் ஒட்டடை பிடித்தது, காய்ந்த சந்தனம் உதிர்ந்து முழங்கையில் விழுந்தது. உள்ளே இருட்டு. யாரும் கேட்காமலே சென்னியப்பன் டார்ச்சை எடுத்து அடித்தார். ஏன் அடித்தோம் என்று அடித்த பிறகுதான் நினைத்தார். கை அப்படிப் பழகியிருக்கிறது, வயருக்குப் பக்கத்தில் ஒருத்தன் குனிந்தால் வெளிச்சம் காட்டும், அவன் யார் என்று கைக்குத் தெரியாது. பிளக் நீல போர்டுக்கு வந்தது. மிஷின் திரும்ப எழுந்து இரைந்தது. இரண்டு, இரண்டு. நவநீதன் முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்து, அவர் முகத்தைப் பார்க்காமல், படியேறிப் போனார். கழுத்தில் அந்த நரம்பு துடித்தது. ஒன்பது நாளாகப் பார்த்து வைத்த அதே நரம்புதான். பார்க்க அப்படியொன்றும் நன்றாக இல்லை.

பதினொன்று இருபத்தாறுக்கு மறுபடி போன். இறக்குங்கண்ணா. இறக்கினார். லீவர் டக்கென்று விழுந்தது, மேல் மிஷினின் இரைச்சல் தேய்ந்து தேய்ந்து நின்றது, அது நின்ற இடத்தில் அறை ஒரு பக்கமாகச் சாய்ந்த மாதிரி இருந்தது. கீழ் மிஷின் ஒரு கணம் தயங்கி, பிறகு மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு சத்தமாக இரைய ஆரம்பித்தது. இரண்டாவது யுபிஎஸ்ஸில் மூன்றாவது கோடு எரிந்தது. இவருக்கு இடது தோள் சுண்டியது. நாலு மூச்சு, ஐந்து மூச்சு, பத்து மூச்சு. விழவில்லை. மேலே கை தட்டுகிறார்கள். கூரை வழியாக மழை பெய்கிற மாதிரிக் கேட்டது. மெயில் ஒரு நொடிகூட நிற்கவில்லையாம், ருக்குமணி அப்புறம் வந்து சொன்னாள், அந்த அம்மாள் நவநீதன் சார் கையைப் பிடித்துக் குலுக்கினதாம், முதலாளி அவர் முதுகில் தட்டினாராம், ஏன் இருபது நிமிஷம் தாமதம் என்று கேட்டதற்கு எதையும் ஒருமுறைக்கு இருமுறை பார்த்துவிட்டுத்தான் செய்வது எங்கள் வழக்கம் என்று சார் சொன்னாராம். உன் மருமகளுக்கு வேலை இருக்குதுல்ல, போ, என்றார் சென்னியப்பன். வெளியில் இருக்கிறவனுக்கு விழுந்ததே தெரியாது. பொதி சேற்றில் விழவில்லை.

யுபிஎஸ்ஸின் தலைமேல் அந்தத் தாள் இன்னும் கிடந்தது. எடுத்துப் படித்தார். இன்று பதினொரு மணிக்கு நான் சொல்லித்தான் சென்னியப்பன். அதோடு நின்றுவிட்டது. சொல்லித்தான் சென்னியப்பன் என்ன செய்தான், அது இல்லை. அடியில் காலியிடம். நாலாக மடித்து, டைரிக்குள் அந்த ஜெராக்ஸ் இருக்கிற பக்கத்திலேயே வைத்தார். ஒன்றில் கையெழுத்து இருக்கிறது, அவருக்குப் படிக்க வராது. இன்னொன்று படிக்க வருகிறது, அதில் கையெழுத்து இல்லை. சோதனை முடிந்து லீவரை ஏற்றியதும் மறுபடி எரிந்த கோடுகளைப் பார்த்து, டைரியில் தேதி போட்டு இரண்டு, இரண்டு என்று எழுதி, பேனாவை மூடி, அறையைப் பூட்டிக்கொண்டு கேட்டுக்குப் போனார். சாவியைத் திருப்பிக் கொடுத்ததற்குச் செக்யூரிட்டி ரெஜிஸ்டரைத் திருப்பி வைத்து, விரலால் கட்டத்தைக் காட்டினான். கட்டத்துக்கு மேலே என்னமோ இங்கிலீஷில் அச்சடித்திருந்தது. சென்னியப்பன் எழுத்து எழுத்தாக, கோட்டை விட்டு வெளியே போகாமல், கையெழுத்துப் போட்டார்.